ஆறாவது பெயர்

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் ஓரகத்தி என்னுடைய பல் பிரஷ்ஷால் சைக்கிள் செயினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு கையால் பெடலைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் தேய்த்தாள்.

“ஏய், அது என்னோடதுடி!”

“பழசுன்னு நெனச்சேன்க்கா.”

“திங்கக்கிழமை வாங்கினது.”

“பார்த்தா தெரியலையே. நீ தேய்க்கிற வேகத்துக்கு ரெண்டே நாள்ல பிரஷ்ஷுக்கு வயசாயிடுது.” நிமிர்ந்து பார்க்காமல் இன்னும் நாலு தேய் தேய்த்தாள். “சாயங்காலம் ரெண்டு வாங்கிட்டு வரேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு செயினுக்கு.”

“செயினுக்கே நல்லதா பார்த்து வாங்கு. எனக்கு என்ன.”

சிரித்தாள். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக மேலே போனாள். எண்ணெய்க் காகிதத்தை நான்தான் சுருட்டி எடுத்தேன்.

பதினொன்றே காலுக்குப் பார்சல் கிடங்கிலிருந்து போன் வந்தது. பெல்ட்டில் வரும் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிப்பது அவள் வேலை. தலை வலிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியிருக்கிறாள். கையில் இருந்த பெட்டியை அதற்குரிய கூண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அவளுக்கு நாற்பத்தொரு வயது.

நாங்கள் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே கட்டிடத்தில் கீழே நாங்கள், மேலே அவர்கள் என்று பத்தொன்பது வருடம். மாமியார் எங்களைப் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டார். அவர் போன பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. ஓரகத்திகளுக்குள் ஆகாது என்று ஊர் சொல்வதைப் பொய்யாக்கக் கூடாதே என்று மாதம் ஒருமுறை மோட்டார் சுவிட்சுக்காகச் சண்டை போடுவோம். மற்ற நாட்களில் அவளுடைய பேச்சுக்கு நான் சிரிப்பதும், என்னுடைய பேச்சுக்கு அவள் சிரிப்பதுமாகப் போகும். எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி வெளியாள் யாராவது வாய் திறந்தால் மட்டும் நாங்கள் ஒரே கட்சி.

நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு சைக்கிள் பித்துப் பிடித்தது. வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், தூக்கினால் ஒரு நாற்காலி எடைகூட இல்லாத சைக்கிள். ஞாயிறுதோறும் காலையில் நாலைந்து பெண்களோடு கிளம்பிவிடுவாள். என்னையும் கூப்பிடுவாள்.

“ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வாக்கா.”

“வாரத்துல அந்த ஒரு நாள்தான் ஏழு மணி வரைக்கும் தூங்கறேன். அதுலயும் மண்ணைப் போடாதே.”

நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் வெட்டுகிறேன். நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. கால் வலியைப் போய்த் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இருந்ததில்லை.

அவள் போன மூன்றாவது வாரம் அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வேதியியல் டீச்சர், ஒல்லியாக, பேச்சை எண்ணிப் பேசுகிறவள். இன்னொருத்தி பிரசவ வார்டு நர்ஸ். அவள் எதையும் எண்ணுவதில்லை. சின்னவள் யாரிடமோ கொடுத்து வைத்திருந்த மழைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார்கள். டீ குடித்து முடிக்கும்போதுதான் விஷயம் வந்தது.

வருடத்துக்கு ஒருமுறை இங்கே ஒரு சைக்கிள் போட்டி நடக்கும். வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், சும்மா ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கான போட்டி. அதில் பெண்களுக்கு என்று ஒரு பிரிவு இருந்ததில்லை. சின்னவள் இரண்டு வருடம் வாதாடி அதை வாங்கியிருக்கிறாள். போட்டியை நடத்துபவர் கழுத்தில் எப்போதும் விசிலோடு திரிகிற ஒரு மனிதர். குழுவில் அவருக்கு விசில் சார் என்று பெயர். அவர் போட்ட நிபந்தனை, முடிவுப் பட்டியலில் குறைந்தது ஆறு பெயர் இருக்க வேண்டும். போன வருடம் ஆறு பேர் கிளம்பினார்கள், ஒருத்தியின் டயர் வெடித்து ஐந்து பேர்தான் முடித்தார்கள். போனால் போகிறது, இன்னும் ஒரே ஒரு வருடம் பார்க்கிறேன், அப்போதும் ஆறு தேறாவிட்டால் அந்த நேரத்தை ஆண்களுக்கே கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

“இந்த வருஷமும் சரியா ஆறு பேர்தான் இருந்தோம்,” என்றாள் டீச்சர். “அவங்களைச் சேர்த்து.”

“கேட்காத ஆள் இல்லைக்கா,” என்றாள் நர்ஸ். “எங்க வார்டுல பிள்ளை பெத்துக்கிட்டுப் படுத்திருக்கிறவங்களைத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டாச்சு.”

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன்.

“நாப்பது கிலோமீட்டர். இருபது போய், இருபது திரும்பி.”

“எப்போ?”

“ஏழு வாரம் இருக்கு.”

“சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சா போதுமா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“சந்தைக்கு அதுலதான் போவேன்.”

உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. “சந்தை ஒண்ணரை கிலோமீட்டர்மா. அதுலயும் வர்றப்போ தள்ளிக்கிட்டு வருவா.”

யாரும் சிரிக்கவில்லை; பிறகு மூன்று பேருமே சிரித்துவிட்டோம். மூன்று வாரத்தில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்கு அப்போது தோன்றியது இவ்வளவுதான்: அவள் பொருட்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, புடவைகள், மழைக் கோட்டு, எல்லாம். அவள் வாதாடி வாங்கிய இது ஒன்றுதான் போகப் போகிறது. அது அவளோடு சேர்ந்து போகக் கூடாது.

சைக்கிள் மேல் வீட்டுக் கூடத்தில் சுவரில் தொங்கியது. கொழுந்தனிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். இயல்பிலேயே அதிகம் பேசாதவர், இப்போது அதுவும் இல்லை.

“உங்களால முடியாது அண்ணி,” என்றார். கோபம் இல்லாமல், ஒரு மோட்டாரின் சக்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“முடியாதுன்னா வீட்டுக்கு வந்துடறேன். சைக்கிள் தேயாது தம்பி.”

மறுநாள் காலை கதவைத் திறந்தால் படித் திருப்பத்தில் சைக்கிள் நிற்கிறது. டயரில் காற்று அடித்திருந்தது. பிரேக் கம்பி புதிது. சீட்டை எனக்கு ஏற்ற உயரத்துக்கு இறக்கி, முன்பு எங்கே இருந்தது என்பதற்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு டேப் துண்டை ஒட்டியிருந்தார்.

எனக்குத் தெரியாதவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே இரண்டு வாரம் ஆனது. சைக்கிள் கால்சட்டையின் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்களே, அதற்குள் ஜட்டி போடலாமா? கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, முதல் ஞாயிறு கழிந்து மூன்று நாள் கடையில் நான் நடந்த நடையைப் பார்த்து முதலாளி, “என்னம்மா, குதிரை வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்கிறார்களே, நிற்கும்போது என்ன செய்வது? நிற்பதற்கு முன்பே குதிகாலை வெளிப்புறம் திருப்பிக் கழற்ற வேண்டும். நின்ற பிறகு அது நினைவுக்கு வந்தால், பேருந்து நிறுத்தத்தில் இருபது பேர் பார்க்க, மரம் சாய்கிற மாதிரி மெதுவாக, முழுசாக, பக்கவாட்டில் சாய வேண்டியதுதான். ஒரு அம்மாள் ஓடி வந்து, “மயக்கமாம்மா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் குழுவில் சின்னவள் ஏற்படுத்திய ஒரு வழக்கம் இருந்தது. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவள்தான் காற்றை முகத்தில் வாங்குகிறாள். பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்கு வேலை பாதிதான். அதனால் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு நேரம் என்பதில் தகராறு வரும். இவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்னால் இருப்பவள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முன்னால் இருப்பவள் அதற்குப் பதில் சொல்லி முடிக்கும் வரை முன்னாலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் ஒதுங்கிப் பின்னால் போகலாம். புதியவள் என்றால் சின்னதாகக் கேட்பார்கள். தெம்பானவள் என்றால் பெரியதாகக் கேட்டு வேலை வாங்குவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் கேட்காத கேள்விகள் எல்லாம் இப்படித்தான் வெளியே வந்தன. முகத்தைப் பார்க்காமல், முதுகைப் பார்த்துக் கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது.

“கியரை எப்போ மாத்தணும்?”

“மேடு வர்றதுக்கு முன்னாடி. மேட்டுல நின்னு மாத்தினா செயின் உங்களைத் திட்டும்.”

“ஆம்பளைங்க எதுக்குக் காலைச் செரைச்சுக்கிறாங்க?”

“விழுந்தா மருந்து போட வசதின்னு சொல்லுவாங்க. பொய். கண்ணாடியில பார்த்துக்க.”

“எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டா?”

“வழி ஒண்ணுதான். வந்து சேருங்க.”

நர்ஸுக்கு மட்டும் இந்த முறை சரிப்படவில்லை. அவளிடம் மணி என்ன என்று கேட்டால்கூட ஒரு கிலோமீட்டர் போகும்.

எனக்குப் பயம் பின்சக்கரத்திடம்தான். ஒரு முழ இடைவெளியில் போக என்னால் முடியவில்லை. முன்னால் போகிறவள் கொஞ்சம் அசைந்தால் பிரேக்கைப் பிடித்துவிடுவேன், வால் அறுந்துவிடும், பிறகு தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டுவேன். “சக்கரத்தைப் பார்க்காதீங்க,” என்றாள் டீச்சர். “இடுப்பைப் பாருங்க. இடுப்பு பொய் சொல்லாது.” ஐந்தாவது வாரம்தான் அது பிடிபட்டது. அந்த ஞாயிறு முப்பது கிலோமீட்டர் அறுந்துபோகாமல் போனேன். வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது, இதை மேலே போய்ச் சொல்ல வேண்டும் என்று இரண்டு படி ஏறிவிட்டேன். பிறகு இறங்கினேன்.

போட்டி அன்று காலை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூடினோம். நானும் டீச்சரும் நர்ஸும் தவிர, ரொட்டிக் கடை நடத்துகிற அக்கா தங்கை இருவர், ஒரு வக்கீல். ஆறு. விசில் சார் எங்களை வரிசையாக நிறுத்தி விரல் நீட்டி எண்ணினார். என்னிடம் வந்ததும் விரல் நின்றது.

“அம்மா, முதுகுல நம்பரை எங்க குத்தியிருக்கீங்க?”

திரும்பிப் பார்க்க முடியாதே. நர்ஸ் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். ஜெர்சியின் முதுகுப் பையோடு சேர்த்து நான்கு ஊசியையும் நான் குத்தியிருந்தேன். உள்ளே இரண்டு வாழைப்பழம் சிறைப்பட்டிருந்தன.

“பரவாயில்லை,” என்றாள் நர்ஸ். “திருட்டுப் போகாது.”

அவர் விதிகளைப் படித்தார். முதல் ஆள் வந்து சேர்ந்து பதினைந்து நிமிடத்துக்குள் வருகிறவர்கள் பெயர்தான் பட்டியலில் ஏறும். டீச்சர் என்னைப் பார்த்தாள். அவள் எப்படியும் முதலாவதாக வருவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் எவ்வளவு வேகமாகப் போகிறாளோ அவ்வளவுக்கு என் நேரம் குறையும்.

“நான் கொஞ்சம் மெதுவா…” என்று ஆரம்பித்தாள்.

“போனேன்னா பாரு,” என்றேன். “அவ கேட்டுவாங்கினது போட்டி. ஊர்வலம் இல்லை.”

விசில் ஊதினார்.

போகும்போது காற்று முதுகில். நான் பயந்த மாதிரி இல்லை. ஆறு பேரும் ஒரே கயிறாகப் போனோம். ரோட்டோரத்துச் சேமிப்புக் கிடங்குகள், ஒரு மர அறுவை ஆலை, நீளமான மதில்சுவர் எல்லாம் பின்னால் ஓடின. பத்தாவது கிலோமீட்டரில் டீச்சர் எழுந்து நின்று மிதித்தாள். ரொட்டிக் கடைத் தங்கை அவளைத் துரத்தினாள். கயிறு இரண்டானது. பின்பாதியில் வக்கீல், ரொட்டிக் கடை அக்கா, நர்ஸ், நான். முப்பத்தேழாவது நிமிடம் திரும்பும் இடம் கண்ணில் பட்டது. நடுரோட்டில் ஆரஞ்சு கூம்பு. அதற்கு இந்தப் பக்கம், கையில் தண்ணீர் பாட்டிலோடு என் கொழுந்தன்.

போன வருடம் சின்னவளுக்கு அவர்தான் பாட்டில் கொடுத்தாராம். இந்த வருடம் யாரும் கேட்காமலேயே வந்து நின்றிருந்தார். பாட்டிலின் கழுத்தை மூன்று விரலால் பிடித்து, கையை நீட்டி, நான் வரும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல ஓட ஆரம்பித்தார். நான் ஒரு கையை எடுத்துப் பாட்டிலைப் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். அவர் விடவில்லை. பக்கத்திலேயே ஓடி வருகிறார்.

“சொல்லுங்க அண்ணி!”

“என்ன சொல்லணும்?”

“சொல்லுங்க!”

“விடுங்க தம்பி!”

அதற்குள் சைக்கிள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. புல்லில்தான் விழுந்தேன், என்றாலும் முழங்கால் ரோட்டின் விளிம்பில் உரசி ரத்தம் வந்தது. செயின் கழன்றிருந்தது. எழுந்து பார்த்தால் அவர் இன்னும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகம் வெளுத்து. பிறகு மண்டியிட்டுச் செயினை மாட்டினார். வக்கீலும் ரொட்டிக் கடை அக்காவும் கூம்பைச் சுற்றித் திரும்பிப் போய்விட்டார்கள். போட்டியில் அதுதான் சரி. எனக்கு ஒன்றரை நிமிடம் போயிற்று. பாட்டிலையும் வாங்கவில்லை.

இப்போது காற்று நேர் எதிரே.

அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு முதுகு எனக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனது. நர்ஸ்.

கிட்டே போனதும், “நீ போ!” என்று கத்தினேன். “ரெண்டு பேர் பேரும் போயிடும்!”

“நான் மட்டும் போனா அஞ்சு. அஞ்சும் நாலும் அந்த ஆளுக்கு ஒண்ணுதான். பின்னாடி ஒட்டுங்க.” ஹேண்டில்பாரில் இருந்த மீட்டரைத் தட்டினாள். “போன வருஷம் டீச்சர் ஒரு மணி பதினாறு நிமிஷம். இந்த வருஷமும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருவா. நாம வேகம் மணிக்கு இருபத்தி நாலுக்குக் கீழ இறங்காம இருந்தா போதும். கேள்வி கேளுங்க. பெருசா கேளுங்க.”

ஏழு வாரமாக என் வாயில் இருந்த கேள்வி ஒன்றுதான். முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க மாட்டேன்.

“அவ என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன சொல்லுவா?”

நர்ஸின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். காற்றில் பாதி என்னிடம் வந்தது, பாதி போனது. நான் குறட்டை விடுவது மேல் வீடு வரை கேட்குமாம். அது நின்றுபோனால் அவளுக்கு விழிப்பு வந்துவிடுமாம். மோட்டார் சுவிட்ச் சண்டையில் தப்பு அவள் மேல்தானாம், ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டாளாம். முதல் முறை அவள் சைக்கிளில் விழுந்து தோள் பட்டை விலகியபோது வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நான் ஒரு மாதம் அவளுக்குத் தலை பின்னிவிட்டதை இவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். “எங்க அக்கா லென்ஸ் வெட்டறப்போ மூச்சை நிறுத்திடுவா, ஒருநாள் மயங்கி விழப்போறான்னு சொல்லுவாங்க. நீங்க இப்பவும் நிறுத்தறீங்க. விடுங்க!”

விட்டேன். எப்போதிலிருந்து அடக்கி வைத்திருந்தேனோ.

“நம்ம குழுவுக்கு நீங்க ஏன் வரலைன்னு ஒருநாள் அவங்ககிட்ட கேட்டேன்,” என்றாள். “அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘வர மாட்டா. கூப்பிடறது வர்றதுக்கு இல்லை. ஞாயித்துக்கிழமை காலைல யாரோ நம்மளைக் கூப்பிடறாங்கன்னு அவளுக்கு இருக்கட்டுமே.’”

அதற்குப் பிறகும் பேசினாள். நான்கு கிலோமீட்டர் இருக்கும். மரஆலை தாண்டியபோது அவள் குரல் அறுந்தது. மீட்டர் இருபத்து மூன்றைக் காட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கையால் அதை மறைத்துக்கொண்டாள்.

“நர்ஸு, ஒதுங்கு.”

“உங்களால இந்தக் காத்துல…”

“ஒதுங்குன்னா ஒதுங்கு. கேள்வி கேளு.”

அவள் பின்னால் வந்தாள். மூச்சு வாங்கினாள். “லென்ஸ்… எப்படிக்கா வெட்டுவீங்க?”

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கண்ணாடி போட்டவர்கள் எல்லோருக்கும் அது கடையிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். நான் சொன்னேன். லென்ஸ் முதலில் வட்டமாக வரும், ஒரு சாஸர் அளவுக்கு. அதில் நடுப்புள்ளி எங்கே என்று மெஷினில் பார்த்து மையால் மூன்று புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி போடுகிறவரின் கண்மணிக்கு நேராக வர வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் அந்த மனிதருக்குத் தலைவலி வரும், என்னைத் திட்ட மாட்டார், டாக்டரைத் திட்டுவார். பிறகு மெஷின் கவ்வுவதற்கு ஒரு பிடி ஒட்ட வேண்டும். பிறகு ஓரத்தை அரைக்கும் சக்கரம். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் ஓரம் உதிரும். கடைசியில் ஓரத்தில் கூரை மாதிரி ஒரு வரம்பு விட வேண்டும், அதுதான் பிரேமின் பள்ளத்தில் போய் உட்காரும். அதிகம் வெட்டினால் லென்ஸ் ஆடும், குறைத்து வெட்டினால் பிரேம் உடையும். வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் எப்போதும் கொஞ்சம் விட்டு வெட்டி, போட்டுப் பார்த்து, மறுபடி எடுத்து… தொடையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. நான் இடது லென்ஸை முடித்துவிட்டு வலது லென்ஸை ஆரம்பித்தேன்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானேக்கா வெட்டுவீங்க?” என்று பின்னாலிருந்து கத்தினாள்.

“இல்லை! யாருக்கும் ரெண்டு கண்ணும் ஒண்ணு இல்லை!”

இப்படியே நாலைந்து முறை மாறி மாறிப் போனோம். கடைசியில் கேள்வி கேட்கவும் மூச்சு இல்லை. மைதானத்து மதில் தெரிந்தது, கோடு தெரிந்தது, கோட்டுக்குப் பக்கத்தில் மற்ற நால்வரும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்திலேயே வந்த நர்ஸ் என் முதுகில் கையை வைத்துத் தள்ளவில்லை, அது விதிக்கு விரோதம். ஆனால் அவள் திட்டிய திட்டு தள்ளியதுபோலத்தான் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது.

அவள் சக்கரத்துக்குப் பின்னாலேயே கோட்டைத் தாண்டி, குதிகாலைத் திருப்ப மறந்து, அங்கேயும் ஒருமுறை சாய்ந்தேன். இந்தத் தடவை பிடித்துக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள்.

விசில் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அட்டையில் எழுதினார், மறுபடி பார்த்தார். ரொட்டிக் கடை அக்கா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததை அவர் விரும்பவில்லை.

“முதல் ஆள் ஒரு மணி பதினஞ்சு நிமிஷம் நாலு செகண்ட்,” என்றார். “இவங்க ரெண்டு பேர் ஒரு மணி இருபத்தொம்பது… நாப்பத்தொண்ணு. நாப்பத்தி ரெண்டு.” பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கழித்துப் பார்த்தார். டீச்சர் அதற்கு முன்பே கழித்திருந்தாள், புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஆறு பேர் இருக்கு,” என்றார் விசில் சார். “அடுத்த வருஷம் நடத்தலாம்.”

“எழுதிக் குடுங்க சார்,” என்றாள் நர்ஸ் தரையிலிருந்தபடியே.

எழுதித்தான் கொடுத்தார். பள்ளிக்கூடச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். ஆறாவது வரியில் என் பெயரும், அதற்கு நேரே நேரமும் இருந்தது. ஜெர்சியைக் கழற்றியபோது வாழைப்பழங்கள் கூழாகியிருந்தன.

கொழுந்தன் வண்டி நிறுத்தும் இடத்தில் தனியாக நின்றிருந்தார். ஈரத் துணியை என் முழங்காலுக்கு நீட்டினார்.

“லிஃப்ட் குழிக்குள்ள வேலை செய்யறப்போ ஒரு முறை இருக்கு அண்ணி,” என்றார். “கீழ ஆள் நிப்பான். மேலருந்து ஸ்பேனர் குடுத்தா, வாங்கறவன் ‘பிடிச்சாச்சு’ன்னு சொல்லணும். சொல்லாம விடக் கூடாது. இருபத்திரண்டு வருஷம். கை தானா அப்படிப் பழகிடுச்சு. அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல காபி டம்ளரைக் குடுத்தாக்கூட ‘பிடிச்சாச்சு’ன்னு சொல்லித்தான் வாங்குவா. என்னைக் கிண்டல் பண்ண. அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. போன வருஷம் இதே ரோட்டுல கத்திட்டுப் போனா. உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்.”

துணி இன்னும் எங்கள் இருவர் கையிலும் இருந்தது. அந்தச் சொல் என் நாக்கு வரை வந்தது. ஆனால் அது அவளுடையது. நான் தலையை ஆட்டினேன். அவர் விட்டார்.

இப்போது ஞாயிறுகளில் நானும் போகிறேன். அடுத்த வருடப் பட்டியலுக்கு இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் மூன்று பேர் புதிதாக வந்தார்கள்: ஒரு தையல்காரி, ஒரு வங்கிக் காசாளர், வக்கீலின் மாமியார். அந்த மாமியாருக்கு அறுபத்திரண்டு வயது. மருமகளைவிட நன்றாக ஓட்டுகிறார் என்பதை வழி நெடுக மருமகளிடமே சொல்லிக்கொண்டு வந்தார். முன்னால் போகும் முறை எனக்கு வந்தபோது தையல்காரி பின்னாலிருந்து, தயங்கித் தயங்கி, கால்சட்டைக்குள் என்ன போட வேண்டும் என்று கேட்டாள். விளக்கமாகவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்.

சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. அதைத் தாண்டியதும் ரோட்டின் இடது ஓரத்தில் ஒரு குழி இருக்கிறது, ஒரு முறம் அளவுக்கு. நான் கையை இறக்கி அதைச் சுட்டிக் காட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கிக் காட்டிக்கொண்டே விலகினார்கள். நாலு வருடமாக அது அங்கேயே இருக்கிறதாம். இன்னும் யாரும் அடைக்கவில்லை.